பேர் கேட்க மாட்டோம்

மூங்கிலோடு வந்தவர்களை வீரலட்சுமி வாசலிலேயே நிறுத்தினாள்.

"கீழ வைங்கண்ணே. இப்பப் பாடை கட்ட வேண்டாம்."

தோளில் பச்சை மூங்கிலைத் தாங்கியபடி இருவரும் மணியைப் பார்த்தார்கள். செத்தவளின் ஒரே மகன் அவன். வேட்டியில் ஒட்டியிருந்த புல்விதைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மனைவி சொன்னது காதில் விழாதவன்போல நிமிராமல் இருந்தான். அவர்கள் மூங்கிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றார்கள்.

உள்ளே ஐஸ் பெட்டியில் லட்சுமியம்மாள் கிடந்தாள். வீரலட்சுமியின் மாமியார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு ஆயா. கழுத்திலும் தோளிலும் சுற்றிய ஆஸ்பத்திரித் துணியை மாலைகள் மறைத்திருந்தன. பெட்டியைச் சுற்றிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒப்பாரி காலையிலேயே ஓய்ந்துவிட்டது. இப்போது அவர்கள் வாசற்படி வரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை மிதிக்காமல் யாரும் பெட்டியிடம் போக முடியாது.

சம்பங்கி வந்தார். ஊர்ப் பெரியவர். ஏரிக்குக் கீழே இருந்த முட்டைக்கோஸ் தோட்டமெல்லாம் அவருடையது. கையில் மாரியம்மன் காப்பு கட்டியிருந்ததால் சாவுப் பந்தலுக்குள் வராமல் தெருவில் நின்றே பேசினார்.

"ஏம்மா, நேரமாவுது. காப்புக் கட்டின ஊரு இது. பொணம் எடுக்காம அம்மனுக்கு வெளக்கு வெக்க முடியாது. ஒரு வூட்லயும் அடுப்பு எரியல. கொழந்தைங்க பசியில கெடக்குது."

"எனக்கும் பசிக்குது மாமா. ஊர்ல இருக்க துப்பாக்கி எல்லாம் பள்ளிக்கூடப் படிக்கு வரட்டும். வந்ததும் எடுத்துரலாம்."

"பொணத்த வச்சிக்கினு பேரம் பேசறியே. இது எந்த ஊரு வழக்கம்? நீ பொறந்த சாத்தூர் வழக்கமா?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால துப்பாக்கிய வச்சுட்டுப் பதுங்குறது எந்த ஊரு வழக்கமோ, அதுக்குப் பக்கத்து ஊரு வழக்கம்."

வாசற்படியில் இருந்த அம்மாக்களில் ஒருத்தியான நாராயணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பங்கி மணியைப் பார்த்தார்.

"டேய் மணி, உம் பொண்டாட்டிகிட்ட நீ பேசுடா."

"அது கேக்காதுங்க மாமா" என்றான் மணி.

எல்லாம் சோற்றில் தொடங்கியது. காட்டுப்பன்றிகள் முன்பெல்லாம் தக்காளிக்கும் கடலைக்கும்தான் வரும். பிறகு சத்துணவில் மீந்த சோற்றின் ருசி கண்டுவிட்டன. சமையற்கூடத்துக்குப் பின்னால் கொட்டுவதைத் தின்ன இருட்டுகிற நேரத்தில் வந்தன. பன்றி வருகிற இடத்துக்குத் துப்பாக்கியும் வந்தது. ஆண்கள் முறை போட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் பதுங்கினார்கள். தோட்டத்தில் ஓடும் பன்றியைவிடச் சோறு தின்று நிற்கும் பன்றியைச் சுடுவது சுலபம். ஒரு நாள் எட்டாம் வகுப்புச் சுவரில் துப்பாக்கி ரவை பாய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அடுத்த மாதம், மாலை வகுப்புக்கு இருந்த ஒரு பெண்ணின் காதை உரசிக்கொண்டு போனது.

அப்போதுதான் லட்சுமியம்மாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அம்மாக்களைச் சேர்த்து, குருபரப்பள்ளியில் பஸ் பிடித்து ஓசூருக்குக் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை அட்டை பிடித்து நடந்தார்கள். நடுரோட்டில் நின்று கத்துவதற்கு முதலில் கூச்சமாக இருந்தது, பாதி வழியில் பழகிவிட்டது என்று வந்து சொன்னாள். மனுவில் சீல் விழுந்தது. நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்கள்.

டீக்கடையில் ஆண்களுக்குச் சிரிப்பு. "ஆயா அடுத்த எலெக்சன்ல நிக்குதுடா. சின்னம் கரண்டி."

"உங்க வூட்டுப் பரண்ல இருக்கறத மொதல்ல எறக்கு ஆயா" என்றும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டாள்.

"எல்லாரும் குடுத்தா நானும் குடுக்கறேன்மா" என்றான் மணி.

ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அதன் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. மீந்த சோற்றை வெளியே கொட்டுவதை நிறுத்தினாள். தினமும் மாலையில் சமையற்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். சோறு இல்லாவிட்டால் பன்றி வராது, பன்றி வராவிட்டால் இவர்களும் வரமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. முந்தாநாள் இருட்டியபோது குனிந்து குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பன்றி என்று நினைத்தான்.

அது யார் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று வீரலட்சுமி நினைத்தாள். தெரிந்தவர்கள் நடக்கும் நடை தெருவில் தெரிந்தது.

காலையில் எஸ்.ஐ. வந்தபோது அவரிடமே கேட்டாள். துப்பாக்கிகளைப் படியில் வைத்துவிட்டுப் போகட்டும், யார் வைத்தது என்று பார்க்காதீர்கள். பேர் கேட்டால் ஒன்றுகூட வராது என்று அவளுக்குத் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சம்பங்கியின் முன்னாலேயே வார்த்தை கொடுத்தார்.

"பேரு கேக்க மாட்டோம். லைசென்ஸ் இல்லாததுக்குக் கேஸும் கெடையாது. வச்சிட்டுப் போயிருங்க. சாயந்தரம் ஜீப்ல எடுத்துக்கறேன்."

பகல் சாய ஆரம்பித்தபோது கமலக்கண்ணன் பைக்கில் வந்து நின்றான். மணியின் சித்தப்பா மகன். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, பந்தல் என்று ஓடியதெல்லாம் அவன்தான். கண்கள் வீங்கியிருந்தன. இரண்டு நாளாகச் சட்டைகூட மாற்றவில்லை.

"வந்திருச்சு அண்ணி. வந்து பாருங்க."

நாராயணம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் யூனிபார்மில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பூ வைத்திருந்தார்கள். ஆயாவுக்குப் போடக் காலையில் கொடுத்தது. வெயிலில் வாடிவிட்டது. படியில் மூன்று துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்றில் விசை இல்லை. ஒன்றில் கட்டையே இல்லை. மூன்றாவதின் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

"இதுல சுட்டா குளவிதான் சாவும்" என்றாள் நாராயணம்மா.

வீரலட்சுமி எதையும் தொடவில்லை. சுற்றிலும் நின்ற ஆண்களைப் பார்த்தாள். ஒருவன் மரத்தைப் பார்த்தான். ஒருவன் செல்போனை எடுத்துப் பார்த்தான்.

"சுடறது வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து மணியைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"இப்படி ஆவாது. நம்மது மொதல்ல போகட்டும். நீங்க கொண்டுபோயி எல்லாரும் பாக்க வைங்க. செத்தவ வீட்டுலயே வச்சுட்டாங்கன்னா மத்தவங்க எப்படி வைக்காம இருப்பாங்க?"

மணி நின்ற இடத்தில் நின்றான். அவளே ஏணியைச் சாய்த்து ஏறினாள். பரணில் பழைய பாய், வெங்காயம் காயப்போட்ட தட்டு, தைக்காத சாக்குகள். சுவரோரம் தூசியில் நீளமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"எங்க?"

"இங்க இல்ல."

"அதான் தெரியுதே. எங்க?"

"முறைக்குக் குடுத்தது. திரும்பி வரல."

"யாருக்குக் குடுத்தீங்க?"

பந்தலில் யாரோ வந்திருந்தார்கள். "இப்டி ஒக்காருங்க பெரியப்பா" என்று கமலக்கண்ணன் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மணி அந்தப் பக்கம் பார்த்தான். திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

வீரலட்சுமி ஏணியிலிருந்து இறங்காமல் நின்றாள்.

"அன்னைக்கு அவன் முறையா?"

"ம்."

"கையில இருந்தது நம்ம வீட்டுதா?"

"அவனுக்குன்னு ஏது? எப்பவும் நம்மளுதத்தான் எடுத்துனு போவான்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவன்தான தூக்கினு ஓடியாந்தான். ஆம்புலன்ஸ்ல அவன் மடியிலதான் அம்மா படுத்துனு இருந்திச்சு."

"போலீஸ்ல ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? எங்கம்மாவ எங்க துப்பாக்கியில எந்தம்பி சுட்டுட்டான்னா?" குரல் உயரவில்லை. "அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அதுங்களும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குதுங்க."

அவள் இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அண்ணி, தண்ணியாவது குடிங்க என்று காலையில் அவன் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்திருந்தாள். அவன் தோளில் சாய்ந்து அழுதும் இருந்தாள்.

"கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க."

மணி தயங்கினான். "பேரு கேக்க மாட்டாங்க இல்ல?"

அவள் சேலையில் ஒட்டியிருந்த பரண் தூசியைத் தட்டினாள்.

"கேக்க மாட்டாங்க."

கமலக்கண்ணன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் கையிலிருந்து வாங்கி, சாக்கைப் பிரித்து, மணி படியில் வைத்தான். கட்டையின் விரிசலுக்கு, தான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து எடுத்து வந்த அலுமினியத் தகட்டை மணியே திருகி மாட்டியிருந்தான். குழாயின் வாயில் கரி படிந்திருந்தது. ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள்.

பிறகு வர ஆரம்பித்தன. கோணியில் வந்தன, பாயில் சுருட்டி வந்தன. ஒருவன் தன் துப்பாக்கியைத் தக்காளிக் கூடையில் குறுக்கே வைத்துக் கொண்டுவந்தான். சம்பங்கி வீட்டு ஆள் கொண்டுவந்ததில் போன ஆயுத பூஜையின் குங்குமம் இன்னும் இருந்தது. நீ வைக்காவிட்டால் நானே வைக்கிறேன், கொடு என்று நாராயணம்மா தெருவிலேயே தன் புருஷனிடம் தெலுங்கில் சண்டை போட்டாள்.

"நுவ்வு பெட்டவா? நேனே பெடதா, தா இட்ல!"

"அடியே, ரோட்ல கத்தாத."

"ஓசூர் ரோட்ல கத்துனவ நானு. இது எனக்கு ரோடா?"

அவன் கையிலிருந்து பறித்து, குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் சாய்த்துக்கொண்டு போய் வைத்தாள். அம்மாக்கள் கைதட்டினார்கள். மைதானத்துப் பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

எஸ்.ஐ. வந்தபோது படி நிறைந்திருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"ஸ்டேஷன்லகூட இவ்ளோ கெடையாதும்மா. நான் சொன்ன வார்த்தைய காப்பாத்திட்டேன். ஒருத்தர் பேரையும் கேக்கல."

"கேஸு என்னாச்சு சார்?"

"எந்தக் கேஸு?"

"எங்க அத்தை கேஸு."

"அது இருக்குது. அடையாளம் தெரியாத நபர்னு போட்டிருக்கு. விசாரிச்சினு இருக்கோம்." படியைக் காட்டினார். "இதுல எது சுட்டதுன்னு யாரக் கேக்கறது? கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஏட்டு துப்பாக்கிகளை விறகுபோல அடுக்கிக்கொண்டிருந்தார். அலுமினியத் தகடு போட்டதை எடுத்தார். குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் குங்குமம் வைத்த துப்பாக்கி போனது. கமலக்கண்ணன் சற்றுத் தள்ளி நின்றான். பிள்ளைகளின் வரிசையிலிருந்து அவனுடைய பெரிய மகள் ஸ்வாதி எழுந்து வந்து, வாடிய ரோஜாவை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு தலையைத் தூக்கி வீரலட்சுமியைப் பார்த்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் எஸ்.ஐ.

மணி படிக்கு அந்தப் பக்கம் இருந்தான். அம்மாக்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஜெயித்த களை இருந்தது. ஏட்டு கயிற்றைச் சுற்றி, முழங்காலால் அழுத்தி, இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

வீட்டை நோக்கி நடந்தாள். சுவரோரம் காத்திருந்தவர்களிடம், "கட்டுங்கண்ணே" என்றாள்.

தீச்சட்டியோடு மணி முன்னால் நடந்தான். பாடையின் முன்பக்கம் கமலக்கண்ணன் தோள் கொடுத்தான். யாரும் அவனை விலகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பூப்போட்டார்கள். மறுபடி பாடை நகர்ந்தபோது மைதானத்திலிருந்து ஜீப் வெளியே வந்தது.

சுடுகாட்டுக்கும் ஹைவேக்கும் ஒரே பாதை. இரண்டு பக்கமும் கடலைக்கொல்லை. பாடையை முந்திக்கொண்டு போக முடியாது, முந்தவும் கூடாது. டிரைவர் வண்டியைக் கூட்டத்தின் பின்னால் உருட்டினார்.

முச்சந்தியில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. நாராயணம்மா வீரலட்சுமியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஆயா நெனச்சத முடிச்சிட்ட அம்மாயி" என்றாள். வீரலட்சுமி கையை விடுவித்துக்கொள்ளாமல் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்பின் பின்கதவு மூடவில்லை. துப்பாக்கிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க, அதில் நீளமான ஒன்றின் முனையில் ஏட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். முன்னால் யாரோ மாலையிலிருந்து சாமந்தியைப் பிய்த்துப் பாதையில் போட்டுக்கொண்டே போனார்கள். பாடை போன வேகத்திலேயே ஜீப்பும் போனது. ஹாரன் அடிக்கவில்லை.