நேற்றைய பதில்

அப்பாவின் வலது கால் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சேறு மட்டும் போவேனா என்றது. மகள் ஈரத்துணியால் மறுபடி துடைத்தாள். உயிர் போன காலைச் சுத்தம் செய்வது இத்தனை நேரம் பிடிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த டேப்லெட் கிணுகிணுத்தது: 'ஒரு குடும்பம் பாக்கி.'

இன்று மற்ற குடும்பங்களையெல்லாம் இவளோடு வேலை பார்ப்பவள் விசாரித்து முடித்துவிட்டாள். பாக்கி நின்றது இவளுடைய குடும்பம்தான்.

வெள்ளம் வடிந்து ஒன்பது நாள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தன. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று தினமும் நேரில் கேட்டுப் பதிவது அவள் வேலை. ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கும் மூன்று பேருக்கு நோய் என்று பதிவானால் தொட்டியைச் சோதிக்க ஆள் வரும். இவள் குடும்பமும் குடிக்கும் பின்பக்கத் தொட்டியில் இதுவரை இரண்டு பேர். மற்றவர்கள் விஷயத்தில் அவள் ஒரு குறை வைத்ததில்லை. தன் குடும்பத்துக்கு வரும்போது மட்டும் கால் கெஞ்சும். 'நேற்றைய பதிலே' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்துவிடுவாள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். “ஊர் வயித்தையெல்லாம் விசாரிக்கிறியே, என் வயித்துக்கு மட்டும் டிக்கெட் கிடையாதா?” என்றார் முந்தாநாள். எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவர். அவளும் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

“மூணு நாளா வயித்தால போயிருக்கும்மா. உடம்புல தண்ணியே இல்ல,” என்றார் காலையில் வந்த டாக்டர்.

மேற்பார்வையாளர் போனில் வந்தார். “கஷ்டமாத்தான் இருக்கு மேடம். வயசாகித் தவறிட்டார்னு போட்டுடுங்க. வியாதின்னு போட்டா, மூணு நாளா நலம்னு ஏன் இருக்குன்னு கேப்பாங்க. உங்க வேலைக்கே உலை வச்சிடும்.”

“சரி சார்,” என்று வைத்தாள். துக்கத்தைவிட வெட்கம்தான் அப்போது அவளைப் பிடுங்கித் தின்றது.

அப்பாவின் மூன்று நாள் பதிலையும் ஒவ்வொன்றாக 'வயிற்றுப்போக்கு' என்று மாற்றினாள். திருத்தத்துக்குக் காரணம் கேட்டு டேப்லெட் பட்டியல் காட்டியது. நெட்வொர்க் இல்லை, ஆள் வெளியே போயிருந்தார், மற்றவை. 'மற்றவை'யைத் தொட்டு, 'நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். வரைபடத்தில் பின்பக்கத் தொட்டி சிவப்பானது.

டேப்லெட் அடுத்த ஆளுக்குப் போயிற்று. அம்மா. கீழே அதே பொத்தான் காத்திருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் அப்பாவுக்கென்று தொட்டியில் மொண்டு வந்த தண்ணீர் டம்ளரை இன்னும் கீழே வைக்கவில்லை.

“அம்மா, உனக்கு வயித்துப்போக்கு இருக்கா?”

அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

“நேத்து ராத்திரியிலேருந்து. ரெண்டு தடவை,” என்று சொல்லிவிட்டு, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மகள் எழுந்து போய் அதை வாங்கி, ஜன்னல் வழியாக வெளியே கொட்டினாள்.