சுப்பு பேசிய முதல் தமிழ்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. வயது வந்தவர்கள் இன்னொரு மொழியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். வடமாநிலத்து ஆட்கள் வேலை செய்யும் கடைகளைத் தேடிக் குற்றாலத்தில் நோட்டும் கையுமாக அலைந்தேன். ஒரு சிப்ஸ் கடையில் காதில் விழுந்தது என்னை உலுக்கிவிட்டது. கட்டுரை அதோடு போயிற்று. கேட்டது கொஞ்சம்தான், மற்றதை நானாக நிரப்பிக்கொண்டேன்.

2

"சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், குழல்வாய்மொழி…"

வேண்டாம். குற்றாலம் என்றாலே எல்லோரும் சாரலில்தான் தொடங்குகிறார்கள்.

குழல்வாய்மொழி, கடைக்காரர் சுடலைமுத்துவின் மனைவி. அவர் கடை வாசலில் எண்ணெய்ச் சட்டியோடு நிற்பார். பின்கட்டில் அவளும் ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராமும் நேந்திரங்காய் உரிப்பார்கள். பெயர் வாயில் நுழையாததால் அவனைச் சுப்பு ஆக்கிவிட்டார்கள். வேலை சொல்வதெல்லாம் கைச்சாடையில்தான். அவனிடம் தமிழ் பேசியவள் அவள் ஒருத்தி.

[பேசினாள் என்பதும் சரியில்லை. இவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் புலம்பினாள்.]

மார்பில் ஒரு கட்டி. பங்குனியில் தட்டுப்பட்டது. புருஷனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கடையைச் சாத்திவிடுவார். வருஷத்துச் சோறே சாரல் சீசனின் மூன்று மாதத்தில்தான் என்பதால், அது முடியட்டும் என்று மறைத்தாள்.

3

ஆடி மாதம். கால் கிலோ சிப்ஸ் கேட்டேன். பின்கட்டிலிருந்து முன்னால் வந்து நின்ற சுப்பு விழித்தான். அவனுக்குத் தமிழ் சுத்தமாக வராது என்று சிரித்தார் சுடலைமுத்து. உரித்த காய்க் கூடையைத் தூக்கி வந்த குழல்வாய்மொழி, பாதியில் நின்று மார்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுப்பு திரும்பினான்.

"யக்கா, கட்டி பெருசாயிட்டா? பயமா இருக்கா? ஆஸ்பத்திரிக்கு எப்பம் போவிய?"

அந்த இழுப்பு உட்பட அவளுடைய பேச்சு. கால் கிலோ என்றால் தெரியாதவனுக்கு, கட்டி தெரிந்திருக்கிறது, பயம் தெரிந்திருக்கிறது. அவள் வாயிலிருந்து நாலு மாதமாக வேறு என்ன வந்தது, அவன் கற்றுக்கொள்ள?

"என்னட்டி கேக்கான் இவன்?" என்றார் சுடலைமுத்து.

4

முடிவு ஒன்று: கிறுக்குப்பயல் என்னவோ உளறுகிறான் என்று அவள் சிரிக்கிறாள். அவரும் நம்பி…

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கூடையை இறக்கிவைத்து அழுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் தென்காசி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறார்கள். எழுதும்போதே தெரிந்துவிட்டது, இது என் ஆசை.

நடந்தது எனக்குத் தெரியாது. பொட்டலம்கூட வாங்காமல் நழுவிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கதையை நான் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். கட்டி நிற்காது. சுடலைமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் என்று நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம்.