பெஞ்சமின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த போன்

உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சொல்கிறேன். இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் அடுத்து நான் வாயில் வைக்கிற சோற்றுப் பருக்கை கல்லாகட்டும். அரிசியில் முன்பே கிடக்கிற கல் இந்தச் சத்தியத்தில் சேராது.

உத்திரமேரூர் அம்முலுவுக்கு இடது கை முழங்கையோடு நின்றுவிடும். மீதியை வைக்கோல் கட்டுகிற மெஷின் எடுத்துக்கொண்டது. மெஷினுக்கு வைக்கோல் எது, கை எது என்று தெரியாது. உருட்டி, சணல் சுற்றி, ஒழுங்கான கட்டாக வெளியே தள்ளிவிட்டது. எந்தக் கட்டு என்று தேடுவதற்குள் லாரி ஆந்திராவுக்குப் போய்விட்டது. பிறகு சித்தூர் பக்கம் ஒரு பசுவின் தொண்டையில் கண்ணாடி வளையல் சிக்கியதாகத் தகவல் வந்தபோது, அம்முலு நிதானமாக விசாரித்தாள். சிவப்பு வளையல் என்றார்கள். "என்து பச்சை. அது வேற யாரோ பாவம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஒற்றைக் கையால் நாற்று நட முடியாது, களை பறிக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. பத்தாவது படித்திருந்ததால் நூறு நாள் வேலையில் அவளைப் பணித்தளப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஏரிக்கு வருகிற கால்வாயில் ஆட்கள் மண் அள்ளுவார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திப் போனில் போட்டோ எடுத்து, குறித்த நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. போட்டோ போனால்தான் அன்றைக்குக் கூலி. போகாவிட்டால் நாள் முழுக்க மலையையே பெயர்த்து வைத்தாலும் அது சும்மா வெயில் காய்ந்ததுதான். அம்முலுவுக்குக் கிடைத்த கடைசி வேலை அது. அதுவும் போனால் அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு சோறு தின்னலாம், சோறு இருந்தால்.

இடைஞ்சலாக வந்தது போன். கம்பெனி வேலைக்குப் போன மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, முறம் அளவு இருந்தது. மகள் அதில் படம் பார்க்கலாம் என்று நினைத்தாளே தவிர, அம்மா அதை ஒரு கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பிடித்தால் பெருவிரல் போட்டோ பட்டனுக்கு எட்டாது. எட்டினால் பிடி நழுவும். எட்டி எட்டி அவள் பெருவிரல் மற்ற விரல்களைவிட நீளமாகவே வளர்ந்துவிட்டது. மோதிர விரலே அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஆடிக் காற்றில் போனைத் தூக்கினால் அது பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து அவளை மதகு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடும். வரிசையில் நிற்கிறவர்களும் போட்டோ கெடக்கூடாது என்று வரிசை கலையாமல் பின்னாலேயே ஓடுவார்கள்.

"யாராச்சும் கொஞ்சம் புடிச்சிக்கோங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

கூட்டத்தில் வயதில் மூத்தவர் இருசப்பன். அவர்தான் பதில் சொன்னார். "போனைப் புடிக்கிறவன் போட்டோவுல வுழ மாட்டான். போட்டோவுல வுழாதவனுக்குக் கூலி கெடையாது. நீயே சொல்லு, யாரு புடிப்பான்?"

அம்முலுவே அந்த இடத்தில் இருந்தாலும் பிடிக்க மாட்டாள்.

பிறகு ஒரு காலை, போன் நழுவிக் கால்வாய்த் தண்ணீரில் விழுந்தது. அரிசி மூட்டைக்குள் போட்டு வைத்து அதை எழுப்பினார்கள். ஆனால் அன்றைய போட்டோ போகவில்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் சாயங்காலம் சாப்பிட்டிருப்பாள். இருசப்பன் மட்டும் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, "பரவால்லம்மே. இன்னைக்கு எங்க வூட்ல எல்லாரும் விரதம்" என்றார்.

மறுநாள் ஓவர்சியர் ஜெகந்நாதன் வந்தார். நெற்றியில் திருமண், கையில் ஹெல்மெட். கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போடலாம்.

"அம்முலு, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா போட்டோ போகலைன்னா மேல என்னைக் கேக்கறா. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போடறதைத் தவிர எனக்கு வழியில்லை. கைக்கு அடக்கமா சின்னதா ஒரு போன் பாத்து வாங்கிக்கோயேன்."

அம்முலு பஸ் ஸ்டாண்ட் எதிரில் மோகன் கடைக்குப் போனாள். மோகன் அடுக்கியிருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவள் வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி சோதித்தாள். உள்ளங்கையில் வைத்தாள், சுண்டுவிரலை அடியில் கொடுத்தாள், பெருவிரலை எதிர் மூலைக்கு நீட்டினாள். ஒன்றும் எட்டவில்லை. ஒவ்வொன்றும் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"சின்னதா கேட்டா பெரிய பெரியதா எடுத்துப் போட்றியே?"

"இதுதாங்க்கா சின்னது. கம்பெனிக்காரனே சின்ன போனு பண்றத வுட்டுட்டான். ஜனங்க படம் பாக்கத்தானே வாங்குது. வேணும்னா பின்னாடி ஒரு ரிங்கு ஒட்டித் தரேன், வெரல வுட்டுக்கோ."

அவளுடைய முறம் போனிலேயே ரிங்கை ஒட்டினான். கடை வாசல் தாண்டுவதற்குள் ரிங் விரலோடு இருந்தது, போன் தரையில் இருந்தது. நல்ல வேளை, கண்ணாடி மட்டும்தான் விரிசல் விட்டது.

மோகன் தலையைச் சொறிந்தான். "கைக்குள்ள அடங்குற போனு இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் கீது. லாரி ஓட்டுன பெஞ்சமின் அண்ணன் கிட்ட. ஒரு கை ஸ்டியரிங்குக்கு, ஒரு கை போனுக்குன்னு தேடித் தேடி வாங்கினாரு. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கேமரா சும்மா கண்ணாடி மாதிரி. ஆனா குடுக்க மாட்டாரு. அவுருக்கு அது ரெண்டாவது சம்சாரம்."

"கேட்டுப் பாக்குறேன்."

"சீக்கிரம் போய்க் கேளு. காத்தால மாரடைப்புல பூட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்."

பெஞ்சமின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் மனைவி ஷீபா. அந்த வீட்டில் ஒரு வழக்கம்: போகிறவருக்குப் பிடித்த பொருள் கூடவே போகும். அவர் அப்பாவோடு சுருட்டுப் பெட்டி போயிற்று. அத்தையோடு ஒரு கிளிக் கூண்டு போயிற்று. கிளி கடைசி நேரத்தில் ஜெபம் சொல்லித் தப்பித்துக்கொண்டது. பெஞ்சமினுக்கு ஷீபா சட்டைப் பாக்கெட்டில் போனை வைத்திருந்தாள். பாக்கெட்டுக்கு வெளியே ஒரு விரல்கடைகூடத் தெரியவில்லை. அவ்வளவு சின்ன போன்.

அம்முலு முகம் பார்க்கும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியவள் பாக்கெட்டைப் பார்த்தாள். கண்ணாலேயே அளந்தாள். எட்டும். நான்கு மூலையும் எட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆணி அடித்து இந்த வட்டாரத்தின் ஒரே ஒரு சரியான போனை மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். அவளுக்கே தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை தானாக நீண்டது.

"பொணத்து பாக்கெட்ல கை வுட்றியாடி?" ஷீபாவின் குரல் பந்தலையே நிறுத்திவிட்டது.

"ஒரு கைதான் கீது, யக்கா. அதத்தான் வுடறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. ஷீபா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மூக்கைச் சிந்தினாள். அம்முலு போட்டோவையும் கூலியையும் கால்வாய்த் தண்ணீரையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள் ஷீபா. "ஒரு வாக்கு குடு. அவுரு நம்பரை மாத்தக்கூடாது. எப்ப யாரு கூப்ட்டாலும் நீ எடுக்கணும். எடுத்து, அவுரு பூட்டாருன்னு நீயே சொல்லணும். அந்த வார்த்தை என் வாயில வராதுடி. காத்தாலருந்து பாக்குறேன், வரல."

"சொல்றேன், யக்கா."

"கட் பண்ணக்கூடாது."

"கட் பண்ண மாட்டேன்."

பெட்டிக்கு மேல் ஒரு கை அடித்துச் சத்தியமாயிற்று.

போன் பெஞ்சமின் பெருவிரல் வைத்தால்தான் திறக்கும். வைத்தார்கள். திறக்கவில்லை, விரல் சில்லென்று இருந்தது. ஷீபா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். வெகு நேரம் தேய்த்தாள், மார்கழியில் லாரி ஓட்டி வந்தவனுக்குத் தேய்த்துவிடுகிற மாதிரி. செத்தவர் விரலுக்குப் போன் திறக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஷீபா தேய்த்ததைப் பார்க்கவில்லை. போன் திறந்தது. மோகனைக் கூப்பிட்டு, அம்முலுவின் விரலையும் அதற்குப் பழக்கிவிட்டார்கள். பிறகு பெட்டியை மூடினார்கள்.

மறுநாள் காலை அம்முலு கால்வாய்க் கரையில் நின்று போனை எடுத்தாள். கைக்குள் கோழிக்குஞ்சு போல உட்கார்ந்தது. பெருவிரல் எங்கே போக நினைத்தாலும் போயிற்று. காற்று வந்தது, போன் அசையவில்லை. போட்டோ எடுத்தாள், ஏற்றினாள், போய்விட்டது.

"அடேங்கப்பா" என்றார் இருசப்பன். "செத்தவன் போனு உயிரோட கீறவன் போனைவிட வேகமா கீதே!"

ஆனால் பெஞ்சமினுக்கு நாகபுரி வரைக்கும் சிநேகிதர்கள். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒரு டீக்கடைக்காரர், ஒவ்வொரு டீக்கடையிலும் நாலு டிரைவர். கூப்பிட்டார்கள். அம்முலு எடுத்தாள், சொன்னாள். சிலர் நம்பாமல் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள், திரும்பவும் சொன்னாள். தெலுங்கில் கேட்டவருக்குத் தெலுங்கில் சொல்லக் கற்றுக்கொண்டாள். இந்தியில் கேட்டவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அழுது காட்டினாள், புரிந்துகொண்டார். ஒரு மனிதரை மண்ணுக்கு ஒரு தடவைதான் கொடுத்தார்கள். அம்முலு அவரைத் தினமும் சாகடித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் வாயில் விபூதி சாப்பிட்ட மாதிரி ஒரு ருசி இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். போட்டோ எடுத்தாயிற்று. சிக்னல் ஒற்றைக் கோடு. போட்டோ நத்தையாக ஏறிக்கொண்டிருக்கிறது. நேரம் முடியப் போகிறது. அந்தச் சமயத்தில் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர்.

எடுத்தால் ஏறுவது நின்றுவிடும். அந்த இடத்துச் சிக்னல் அப்படி.

"வுடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் இருசப்பன். "அடிச்சி அடிச்சி ஓயட்டும்."

அம்முலு நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்த கை இந்தக் கைதான். வேறு கை இல்லை. பெருவிரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும், பச்சை வட்டம் அடியிலேயே இருந்தது. நகர்ந்தது.

"நைனா?" என்றது ஒரு குரல். "நைனா, நான் ஜான்சன். கப்பல்ல இருந்தேன், போனே கெடைக்கல. அம்மா நம்பர் என் போனோட தண்ணியில போச்சி, உன் நம்பர்தான் மனசுல இருந்திச்சி. நல்லா கீறியா?"

ஷீபாவின் வாயில் வராமல் போனது எந்த வார்த்தை, யாருக்கு என்று அம்முலுவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஷீபா சத்தியம் வாங்கியது டீக்கடைக்காரர்களுக்காக அல்ல, மகனுக்காக.

"தம்பி, நான் அம்முலு. உத்திரமேரூர்லருந்துதான் பேசறேன்."

"நைனா எங்க?"

சொன்னாள்.

அந்தப் பக்கம் கடல் இரைச்சல் கேட்டது. ஏரியில் நாரைகள்கூட ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றன. பிறகு ஜான்சன், "கட் பண்ணாதீங்கக்கா" என்றான். அம்முலு கட் பண்ணவில்லை. அவன் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் கலையவில்லை. தலைத்துண்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அடக்கத்தன்றைக்குச் சர்ச் பக்கம் வராதவர்கள்கூட அப்போது அடக்கத்தில் நின்றார்கள்.

நேரம் முடிந்துவிட்டது. போட்டோ போகவில்லை.

ஜெகந்நாதன் சாயங்காலம் வந்தார். காரணத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு வெகு நேரம் ஹெல்மெட்டின் உள்பக்கத்தைத் துடைத்தார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். அடுத்த திங்கட்கிழமை முதல் இரண்டு கையும் உள்ள ஒரு பெண் பொறுப்பாளராக வந்தாள். அவள் போன் சன்னல் கதவு அளவு இருந்தது.

பழைய முறம் போனாக இருந்திருந்தால் அந்தப் பச்சை வட்டம் அம்முலுவின் விரலுக்கு எட்டியே இருக்காது. போட்டோ போயிருக்கும். எல்லாம் எட்டுகிற போனைத் தேடினாள், எல்லாம் எட்டியது. இப்போது வேலை இல்லை. கரையில் உட்கார்ந்திருக்கிறாள். போன் அடிக்கிறது, எடுக்கிறாள், "அவுரு பூட்டாருங்க" என்கிறாள், மடியில் வைக்கிறாள்.

உத்திரமேரூர் பேரூராட்சி; நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான் என்பதால் அந்த வேலை இந்த ஊரில் ஒரு நாளும் நடந்ததில்லை. இன்றைக்கு என் சோற்றில் கல் கடிபட்டால், அது அரிசியில் முன்பே கிடந்த கல்.