வரி அவரை, 23 விதை

என் மனைவி வேலைக்காக வேறு நாட்டுக்குப் புறப்பட்ட அன்று காலை, ஒரு கண்ணாடிச் சாடியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டினாள். ‘திறக்காதீங்க. முக்கியமா நீங்க.’ வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. அப்படியிருந்தும் இரண்டாவது வாக்கியத்தை எழுதினாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

சாடிக்குள் இருந்தவை விதைப் பொட்டலங்கள். அவள் நர்ஸ். மருந்துக்கு எழுதுவது போலவே விதைக்கும் எழுதியிருந்தாள். தக்காளியும் வெள்ளரியும் கடையில் கிடைக்கும். ஒன்று மட்டும் கிடைக்காது. கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்சுவரில் தானாக ஏறிக் கிடந்த அவரை அது. காயின் மேல் ஊதா வரி ஓடும். அந்த வீட்டை இடித்து அதன் மேல் சாலை போட்டுவிட்டார்கள். ‘வரி அவரை, 23 விதை. நிழலில் பத்து நாள் காய்ந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை’ என்று அந்தப் பொட்டலத்தில் எழுதியிருந்தது. இப்போதிருப்பது இரண்டாம் மாடி வாடகை வீடு. சொந்தமாக ஒரு துண்டு மண் வாய்க்கும்போது முதலில் ஊன்ற வேண்டியது அந்த விதைதான் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் சாடியில் போட்ட நீலக் குருணை என் பட்டறையிலிருந்து போனது. நான் கேமரா பழுது பார்ப்பவன். லென்ஸுக்குள் ஈரம் புகுந்து பூசணம் பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. “குளிர்ல இருந்து எடுத்ததும் தெறக்காதீங்க, ரெண்டு மணி நேரம் அப்படியே வைங்க, இல்லன்னா உள்ள வேர்த்துடும்” என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்வேன்.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாடியைத் திறந்தேன். விதையைப் பார்க்க அல்ல. போனில் அவள் அனுப்புவதெல்லாம் அச்செழுத்து. அவள் கையால் எழுதியது வீட்டில் வேறெங்கும் இல்லை. ‘ழ’வின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே வரை இழுத்து விடுவாள். பொட்டலங்களை மேசையில் பரப்பிப் படித்துவிட்டு மறுபடி மூடி வைத்தேன். அடுத்த ஞாயிறும் திறந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

இப்படியே இரண்டரை வருடம் போயிற்று. சென்ற மாதம் அவள் பேசினாள்.

“நாலு மாசத்துல ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு கேக்குறாங்க.”

“உனக்கு எப்படித் தோணுதோ.”

“எது கேட்டாலும் இதையே சொல்லுங்க. சரி, விதை அதுவரைக்கும் தாங்குமா? வரி அவரையில பத்தை எடுத்து ஈரத்துணியில போட்டுப் பாருங்க. எட்டு முளைச்சா கையெழுத்துப் போட்டுடறேன்.”

விளையாட்டா நிஜமா என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குக் கணிக்கத் தெரியவில்லை.

பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, தட்டில் வைத்து மூடினேன். கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா, சட்டை கொடுக்க மேலே வந்தவர், நான் துணியைப் பிரித்துப் பிரித்து மூடுவதைப் பார்த்தார்.

“என்ன தம்பி, பச்சப் பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். ஏழாம் நாள் மூன்று முளைத்திருந்தன. மற்ற ஏழும் ஊறி, நொளுநொளுத்து, நாற்றமெடுத்தன. அக்காவும் வந்து எட்டிப் பார்த்தார்.

“எட்டுன்னு சொல்லிடுங்க. அவ என்ன, போனுக்குள்ள வந்து எண்ணவா போறா?”

“அப்புறம் ரெண்டு வருஷம் யாரு தனியா இருக்குறது, அக்கா?”

“அப்ப மூணுன்னே சொல்லுங்க. ஓடி வந்துடுவா.”

“ஏன் மூணுன்னு கேப்பாளே.”

“சொல்லுங்க. வாயில என்ன, கொழுக்கட்டையா?”

மறுநாள் காலை அவளுடைய இடைவேளையில் பேசினோம்.

“மூணு” என்றேன்.

“மூணா? குருணை என்ன கலர்ல இருக்கு?”

ஈரம் ஏறினால் நீலம் ரோஸாகிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

“ரோஸ்.”

“சாடி கீறல் விட்டுடுச்சா?”

“இல்ல. நான் தெறந்தேன்.”

“எத்தனை தடவை?”

“ஞாயித்துக்கிழமை எல்லாம்.”

“எதுக்கு?”

அவள் பக்கத்தில் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை காத்திருந்தேன்.

“உன் எழுத்தப் பாக்க.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“குளிரோடவே தெறந்தீங்களா?”

“ஆமா.”

“நல்ல கேமராக்காரர்” என்றாள். திட்டு அவ்வளவுதான். பிறகு குரல் இறங்கியது. “எப்பக் கேட்டாலும் ‘எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்’னீங்களே. அத நம்பித்தானே நான் இங்க தூங்குனேன்.”

“நீ தூங்கணும்னுதான் சொன்னேன்.”

“மீதி பதிமூணையும் இன்னிக்கே மண்ணுல போடுங்க. சொந்த மண்ணு வர்ற வரைக்கும் அதுங்க இருக்காது.”

எங்கள் பால்கனியில் வெயில் விழாது. அக்கா தன் கடை வாசலில், கம்பி வேலி ஓரம் இடம் கொடுத்தார். “காய்ச்சா பாதி எனக்கு” என்றார். “முதல் காய் எல்லாம் விதைக்குத்தான்கா” என்றேன். “அப்ப உங்க சட்டைக்கு ஒரு கைதான் தைப்பேன்” என்றார். முளைத்த மூன்றையும் மீதிப் பதின்மூன்றையும் நான்கு தொட்டிகளில் ஊன்றினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள்.

“ரெண்டு வருஷம் முடியாதுன்னுட்டேன். வேற ஆள் கெடைக்கிற வரைக்கும்னு கெஞ்சுனாங்க. ஆறு மாசம் ஒத்துக்கிட்டேன். இந்த நாலோட சேத்துப் பத்து.”

உனக்கு எப்படித் தோணுதோ என்று நாக்கு நுனிவரை வந்தது.

“பத்து மாசம் அதிகம்” என்றேன்.

“அதிகம்தான்” என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை.

மொத்தம் ஐந்து செடி நின்றன. இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்புயரம் ஏறியிருக்கின்றன. நேற்று அவள் கொடியைக் காட்டச் சொன்னாள். தெருவில் குந்தி உட்கார்ந்து, போனைக் கொடிக்கு நேராகப் பிடித்தேன். ஒவ்வொரு இலையாகக் காட்டினேன். துணி வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கை கடுத்தது.

“போதும், திருப்புங்க” என்றாள்.

“பக்கத்துத் தொட்டிக்கா?”

“இந்தப் பக்கம். உங்கள.”

உள்ளே அக்காவின் மெஷின் சத்தம் நின்றது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனைத் திருப்பினேன்.