தறிகள் போன திசை

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. என் சண்டை அல்ல. வங்கதேசத்துக் காலிஷ்பூரில் நான் குடியிருக்கும் வீட்டு வரிசையில் சுவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் என் கண் எரியும். ஒரு மாலையில் அந்தப் பக்கத்து வீட்டு மர்ஜினா தன் கணவனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள்:

“வராதீங்க. டிக்கெட்ட கையில குடுத்தாலும் வாங்காதீங்க. மீறி வந்தீங்கன்னா கதவத் தெறக்க மாட்டேன், ஆமா!”

பிறகு குழாயடியில் அவள் முகம் கழுவும் சத்தம். அது நிற்கவே இல்லை.

மூன்று வருஷமாக அந்த ஆளை எதிர்பார்த்து இருப்பவள். ஒவ்வோர் ஈதுக்கும் அவருக்கென்று ஒரு லுங்கி எடுத்து, கடைக்காரர் ஒட்டிய சீட்டைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவள். அவரே வருகிறேன் என்று சொன்ன அன்றைக்கு வராதே என்கிறாள். ஏன்? அந்த ஏனுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘பைரப் ஆற்றின் மேல் பனி விலகிக்கொண்டிருந்த காலையில், சணல் ஏற்றிய படகு ஒன்று—’

வேண்டாம். அந்தப் படகில் யாரும் இல்லை. எனக்கு ஆற்றைப் பிடிக்கும் என்பதைத் தவிர இந்த வாக்கியத்தில் எந்தச் சேதியும் இல்லை.

இரண்டாம் முயற்சி:

‘உலகச் சந்தையில் சணலின் விலையைத் தீர்மானிப்பவை மூன்று. வங்காளத்தின் மழை, பெட்ரோலின் விலை, அப்புறம்—’

மூன்றாவதை யோசிக்கும்போதே தெரிந்துவிட்டது, இது வணிகர் சங்கக் கூட்டத்தில் வாசிக்கிற உரை. நான் தூத்துக்குடியிலிருந்து இங்கே இறால் பதனிடும் கம்பெனி வேலைக்கு வந்து தலை நரைத்தவள். சணலைப் பற்றி உரை நிகழ்த்த எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் இந்த வாக்கியத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மழையும் பெட்ரோலும் இல்லாமல் மர்ஜினா அழுத காரணம் உங்களுக்குப் புரியாது.

மூன்றாம் முயற்சியில், தறிகள் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஊரின் சணல் ஆலை மூடி இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. ஒரு நாள் காலை பெரிய கேட்டைத் திறந்தார்கள். தெருவே ஓடியது. ஆலை திறக்கப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மர்ஜினாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் அங்கே நூற்புப் பகுதியில் பதினெட்டு வயதிலிருந்து வேலை பார்த்தவள். அவள் கணவர் தொராப் அலி தறி மிஸ்திரி, நின்றுபோன தறியை ஓட வைக்கிறவர்.

திறந்த கேட்டுக்குள்ளிருந்து சங்கு ஊதவில்லை. லாரிகள் வந்தன. லாரிகளில் மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் தறிகள்.

நடந்தது இதுதான். பிளாஸ்டிக் சாக்கு வந்து கோணிப்பையைத் தள்ளிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி நிஜம். கோகோ வாங்குகிற தேசங்கள் இன்னமும் கோணிதான் கேட்கின்றன. கொட்டைக்கு மூச்சு வேண்டும், பிளாஸ்டிக்கில் புழுங்கிப் பூத்துவிடும். ஆக, கோணிக்குத் தேவை இருந்தது. காலிஷ்பூருக்குத்தான் தேவை இல்லை. இங்கிருந்து பையாக வாங்குவதைவிட நாராக வாங்கி, கோகோ விளைகிற இடத்திலேயே நெய்துகொண்டால் மலிவு என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ கணக்குப் போட்டார்கள். புதுத் தறி விலை அதிகம். பழைய தறி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. பழைய தறிக்கு ஆயிரம் சீக்கு. அதன் சீக்கு தெரிந்த ஆளும் கூடவே வேண்டும்.

அப்படித்தான் தொராப் அலி கானாவுக்குப் போனார். தேமா என்கிற துறைமுக ஊர். தறிகள் கப்பலில், அவர் விமானத்தில். அவர் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“என்ன பண்றீங்க அங்க?” என்று மர்ஜினா போனில் கேட்டாள்.

“என்னத்தப் பண்றது. மாப்பிள்ள வராத கல்யாண வீட்டுல சமையல்காரன் உக்காந்திருப்பானே, அப்படி உக்காந்திருக்கேன்.”

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் ஒரு கேலி பேசியிருந்தார். அந்தக் கேலிக்காகவே அவரை அவ்வளவு தூரம் அனுப்பலாம் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியதாம். இதை அவளே சொன்னாள்.

4

மர்ஜினாவுக்கு அப்புறம் பக்கத்துத் தௌலத்பூரில் ஒரு பேல் பிரஸ்ஸில் வேலை கிடைத்தது. வயலிலிருந்து வரும் கச்சாச் சணலைத் தரம் பிரித்து, அடியில் கட்டையாக இருக்கும் பகுதியை வெட்டித் தள்ளி, மிச்சத்தை இயந்திரத்தில் அமுக்கிப் பொதியாகக் கட்டுவார்கள். பொதி கப்பலேறும். சில பொதிகள் தேமாவுக்கும் போகும்.

நீங்கள் யோசிப்பதை நானும் யோசித்தேன். எழுதியும் பார்த்தேன்:

‘அன்று மர்ஜினா யாரும் பார்க்காதபோது தன் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிப் பொதிக்குள்—’

இந்த வாக்கியத்தை அவளிடமே சொல்லிக் காட்டினேன். அவள் என்னைத் தீதி என்பாள், அக்கா என்கிற கணக்கில்.

“தீதி, உங்களுக்குப் பைத்தியமா? பொதியில வளையல் கெடந்தா மெஷின் பல்லு ஒடையும். ஒடைஞ்சா யாரு குனிஞ்சு நிமிந்து சரி பண்றது? எம் புருஷன். ஏற்கெனவே முதுகு வலின்னு பொலம்பிட்டுக் கெடக்கார்.”

ஆக, வளையல் இல்லை.*

[* ஆனால் ஒன்று உண்டு. அவள் வெட்டுகிற இடத்தில் மேஸ்திரி மற்றவர்களைத் திட்டுவார், அவளைத் திட்டமாட்டார்; கட்டைத் துணுக்கு ஒன்றுகூட விடாமல் வெட்டுவாள். “யாரு வீட்டுக்குப் போற நாரோ, தெரியாதில்ல” என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் இதைக் கதைக்குள் கொண்டுபோகவில்லை, ஓரத்திலேயே இருக்கட்டும்.]

இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே நடுப்பகல். அவள் வேலை முடிந்து மீன் கழுவுகிற நேரமும் அவர் சாப்பாட்டு வாளியைத் திறக்கிற நேரமும் ஒன்று. போனைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள். அவர் அந்த ஊர்ச் சோளக் களியைத் தூக்கிக் காட்டுவார்.

“இது சோறா, பசையா?” என்பாள் அவள்.

“போஸ்டர் ஒட்டலாம். ஆனா மீன் கொழம்பு நல்லா இருக்கு. உன்னுத மாதிரி வராது.”

“சும்மா சொல்றீங்க.”

“சரி, உன்னுதவிட நல்லா இருக்கு.”

“வைங்க போன!”

வைக்கமாட்டார்கள். திரையில் அவர் தாடை மட்டும் தெரியும், பாதி நேரம் அதுவும் உறைந்து நிற்கும். உறைந்த தாடையைப் பார்த்தபடி அவள் மீன் செதிலைச் சீவிக்கொண்டிருப்பாள். ஏக்கம் என்று எழுதினால் பெரிய சொல்லாக இருக்கிறது. தொடர்பு திரும்ப வரும்வரை அவள் கத்தியை மெதுவாக நகர்த்துவாள், அவ்வளவுதான்.

5

இப்போது மழையும் பெட்ரோலும்.

அவர் போன மூன்றாம் வருஷம் ஆடியில் மழை ஏமாற்றியது. அறுத்த சணலை ஊறப்போடக் குட்டையில் தண்ணீர் இல்லை. சேற்றில் ஊறிய நார் கறுத்துப் போனது. நல்ல நார் அரிதானதும் விலை ஏறியது. விலை ஏறும் என்று தெரிந்த பெரிய வியாபாரிகள் வாங்கிப் பதுக்கியதும் இன்னும் ஏறியது. விலை ஏறினால் வெளிநாட்டுக்காரன் “அடேயப்பா” என்று பிளாஸ்டிக் பக்கம் பார்ப்பான். பெட்ரோல் இறங்கியிருந்தால் அதிலிருந்து பிறக்கிற பிளாஸ்டிக்கும் விலை இறங்கி அவனைப் பார்த்துச் சிரிக்கும். உள்ளூரில் உயிரோடு மிச்சமிருந்த நாலைந்து ஆலைகளுக்கோ நார் கிடைக்கவில்லை. ஆலைக்காரர்கள் டாக்கா போய் முறையிட்டார்கள். அரசு ஓர் உத்தரவு போட்டது: மறு அறிவிப்பு வரும்வரை கச்சாச் சணல் எல்லை தாண்டக்கூடாது.

ஹாரேஸ் சாசா தன் டீக்கடையில் எல்லோருக்கும் ரசகுல்லா கொடுத்தார். பழைய தொழிற்சங்கத் தலைவர், ஊருக்கே சாசா, அதாவது சித்தப்பா. மூடிய ஆலையின் மதிலை ஒட்டித்தான் கடை. வேலை போன ஆண்கள் காலையிலிருந்து அங்கேதான்.

“நம்ம சணல் இனிமே நமக்குத்தான்! பாத்துக்கிட்டே இரு, வருஷம் திரும்புறதுக்குள்ள சங்கு ஊதும்” என்றார் அவர்.

அதே வாரம் மர்ஜினாவின் பிரஸ் மூடியது. அமுக்கி வைத்த பொதிகள் கிடங்கில் நின்றன. அடுத்த வாரம் தேமாவில் நார் தீர ஆரம்பித்தது. முதலாளி தொராப்பைக் கூப்பிட்டு, நார் வராவிட்டால் ஊருக்கு டிக்கெட் போடுகிறேன் என்றார்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் எதைக் கேட்டாளோ அது அப்படியே கிடைக்கப்போகிறது. அப்போதுதான் அவள் வராதீங்க என்று கத்தினாள்.

6

காரணத்தை அவள் எனக்கு உடனே சொல்லவில்லை. நான் ஊகித்து ஒரு பத்தி எழுதினேன், அதில் அவளைச் சந்தேகப்பட்டேன். வேறு எவரோ இருப்பாரோ என்றுகூட ஒரு வரி போட்டேன். (அடித்துவிட்டேன். கதை சுவாரசியமாகியிருக்கும், மர்ஜினா பொய்யாகியிருப்பாள்.) ஒரு மதியம் கீரை ஆய்ந்துகொண்டே அவளே சொன்னாள்.

“ஆலை மூடுன அந்த ரெண்டு வருஷம் நீங்க அவரப் பாக்கல தீதி. அப்ப நீங்க வேற தெருவுல இருந்தீங்க. வீட்டுல ஒரே ஒரு ஃபேன். வெள்ளிக்கெழம ஆனா அத எறக்கிப் பிரிப்பாரு. தொடைப்பாரு. எண்ணெய் விடுவாரு. திரும்ப மாட்டுவாரு. நல்லா ஓடுற ஃபேன்! அப்புறம் தெனமும் பிரிக்க ஆரம்பிச்சாரு. நான் ஒரு நா கேட்டேன், ஏங்க அதப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்கன்னு. அன்னைலேருந்து எங்கூடப் பேசறத நிப்பாட்டிட்டாரு. கோவம் இல்ல. பேச ஒண்ணும் இல்ல அவருக்கு.”

அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

“இப்ப அங்க ஒரு தறி நின்னா நாலு பேரு ‘மாஸ்டர், மாஸ்டர்’னு ஓடியாறாங்களாம். என்னய வம்புக்கு இழுக்கறாரு. கொழம்பக் கொற சொல்றாரு. அந்த மனுஷன்தான் தீதி எனக்கு வேணும். அவரு பக்கத்துல இல்ல, சரி. ஆனா இருக்காரு. இங்க வந்தா, பக்கத்துல இருப்பாரு...”

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

7

பிரஸ் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மனிதச் சங்கிலி நிற்பது என்று முடிவானது, தடையை நீக்கச் சொல்லி. அதே நாளில் ஹாரேஸ் சாசாவின் ஆட்கள் தடை நீடிக்க வேண்டும் என்று ஊர்வலம். மர்ஜினா இரண்டுக்கும் சொந்தக்காரி. முந்தின நாள் அவள் டீக்கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“நாளைக்கு நான் பிரஸ் பக்கம் நிக்கப் போறேன், சாசா. நாளைக்கு நீங்க பாத்து மனசு சங்கடப்படக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“புருஷன் அங்க சொகமா இருக்கணும், அதுக்காக ஊரு சோத்துல மண்ணள்ளிப் போடுற. அப்படித்தானே?”

பெஞ்சில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மர்ஜினாவின் காது சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“ஆலை தெறந்தா மொத ஆளா நான் வந்து நிப்பேன். எந்த ஆலை சாசா? தறியெல்லாம் லாரி ஏறினப்ப இதே பெஞ்சுல உக்காந்துதானே பாத்தீங்க எல்லாரும்? நானும் பாத்தேன். சணலக் கொண்டாந்து காலி ஷெட்டுக்குள்ள அடுக்கி வெச்சா அதுவா நெய்ஞ்சுக்குமா?”

யாரும் சிரிக்கவில்லை. ஹாரேஸ் சாசா நெடுநேரம் டீயை ஆற்றினார், யாரும் கேட்காத டீயை.

“எனக்குத் தெரியாதா அது?” என்றார் கடைசியில், மெதுவாக. “தெரியும்மா. இவனுங்க காலையில எந்திரிச்சு எங்கயாவது வரணுமில்ல. அதுக்குத்தான்.”

அவள் அந்த டீயை வாங்கிக் குடித்தாள். மறுநாள் பிரஸ் பெண்களோடு வெயிலில் கைகோத்து நின்றாள். எதிர்ப்பக்கம் ஊர்வலம் போனது. சாசா அவளைப் பார்த்துத் தலையசைத்ததாகவும் இல்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

8

தடையை நீக்கிவிட்டார்கள். மனிதச் சங்கிலிக்காக அல்ல, அந்நியச் செலாவணிக்காக. பொதிகள் கப்பலேறின. தேமா முதலாளி, டிக்கெட்டை ஏற்கெனவே போட்டாயிற்று, ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டும் வரலாம், போகாமலும் இருக்கலாம், உன் இஷ்டம் என்று தொராப்பிடம் சொல்லிவிட்டார்.

நான் மூன்று முடிவுகள் எழுதினேன். முதல் முடிவில் அவர் வருகிறார், ஒரு மாதம் இருவரும் சண்டை போடுகிறார்கள், போய்விடுகிறார். இரண்டாவதில் வருகிறார், திரும்பிப் போக மறுக்கிறார். மூன்றாவதில் வரவேயில்லை, போனில் தாடை உறைந்து நிற்கிறது. மூன்றையும் மர்ஜினாவுக்கு வங்க மொழியில் படித்துக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா தீதி, மூணுலயும் நான் வாசல்லயே நிக்கறேனே? ஒரு கதையிலயாவது என்னையும் ப்ளேன்ல ஏத்தி விடக்கூடாதா?”

எனக்குத் தோன்றவேயில்லை. நார் போகிறது, தறி போகிறது, மிஸ்திரி போகிறார். இவள் போகலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்று மாலை அவள் போனை எடுத்துக்கொண்டு வெளிவாசலில் நின்றாள். நான் உள்ளே போகப் பார்த்தேன், இருங்க என்று கையைக் காட்டினாள்.

“ஏங்க, அங்க நார் வெட்டுற எடத்துல பொம்பளைங்க வேல பாக்குறாங்களா?”

அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. தொராப்புக்கு என்னென்ன தோன்றியிருக்கும்? அவருடைய சின்ன அறை, மாஸ்டர் என்கிற அழைப்பு, பயம், ஆசை, பாஸ்போர்ட், அவள் மீன் குழம்பு. எல்லாம் எனக்குத் தெரியும், எழுதிவிடலாம். ஆனால் ஏற்கெனவே மூன்று முறை அவளுக்காக நான் முடிவு செய்து மூன்று முறையும் தப்பாகிவிட்டது.

மர்ஜினா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருக்கிறாள். நீங்கள்தான் தொராப். சொல்லுங்கள்.