அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்

மரியநாயகிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நிலத்தில் மஞ்சள் பெயின்றால், ஒரு முழ நீளத்தில், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி அம்புக்குறி போட்டிருக்கிறது. போட்டவளும் அவள்தான். அதைப் பார்த்து, "ஓம் அக்கா, விளங்கிச்சு" என்று தலையாட்டிவிட்டு, ஐந்து பெண்களும் மெசினைச் சுற்றி நேர் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். ஒருத்தி என்றால் மறதி என்று விடலாம். ஐந்து பேருக்கும் ஒரே மறதியா?

யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், கரம்பொன்னில் புதிதாகத் தொடங்கிய சின்ன நூற்பாலை அது. மரியநாயகி அங்கே மேற்பார்வையாளர் பயிற்சியில் இருந்தாள். மூன்று மாதம் பயிற்சி, கடைசி நாள் சோதனை. ஒரு மணித்தியாலம் அவளுடைய குழுவிலுள்ள ஐந்து பேரும் ஆளுக்கொரு மெசினை ஓட்ட வேண்டும். அறுந்த நூல்கள் ஒட்டப்படாமல் அதிகம் கிடந்தால் அந்த வேலைக்கு வேறு ஆள் வரும். அவளுக்கு மறுபடியும் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைதான். ஆறு வருடம் அங்கே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவளை, பெற்ற மகளே முதல் மாதம் முழுக்க "அன்ரி" என்றுதான் கூப்பிட்டாள். இப்போதுதான் வாய் நிறைய "அம்மா" வருகிறது. அதை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள், சொல்லுங்கள்!

வேலையும் பெரிய வித்தை இல்லை. நீளமான மெசின், இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே தண்டவாளத்தில் ஒரு ஊதுபெட்டி மெசினைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பஞ்சுத் தூசியை ஊதும். அந்தக் காற்றில் சில நூல்கள் அறும். பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தால் அறுந்ததை உடனே பிடித்து ஒட்டிவிடலாம். எதிரே நடந்தால், இங்கே ஒட்டிவிட்டு அப்பால் போனதும் அது வந்து அறுத்துவிட்டுப் போகும். பெட்டி ஒரு பக்கமாக மட்டும்தான் ஓடும். ஆகவே மெசின் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அந்த "அவ்வளவுதான்" அவர்களுக்குத் தலையில் ஏறவில்லை. அம்புக்குறியைப் பெரிதாக்கினாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவள் கூட நடக்கும்போது ஒழுங்காக வருவார்கள். அவள் அங்காலே திரும்பியதும் இவர்கள் இங்காலே திரும்பிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் நான்கு பேர் மனோகரியின் முகத்தைப் பார்ப்பார்கள். குழுவில் மூத்தவள் மனோகரி, நாரந்தனைக்காரி. "பழக்கம்தானே பிள்ளை, மாத்துவம்" என்பாள். மாற்றமாட்டாள்.

பயிற்சியாளர் யாக்கோப்பு மன்னாரிலிருந்து வந்தவர். "உமக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியேல்லை, மரியநாயகி" என்று தானே இறங்கினார். அவருக்கும் தலையாட்டினார்கள். அவருக்கும் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள்.

"இதென்ன கோதாரி!" என்று மனுசன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

என்மேல் ஏதும் எரிச்சலோ? நான் தேவாலயத்துக்குப் போகிறவள், அவர்கள் சைவம் என்றோ? அப்படியென்றால் ஏன் மனோகரி அக்கா தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருகிறாள்? எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு இழவும் விளங்கவில்லை.

சோதனைக்கு முதல் நாள் அவள் உடைந்துபோனாள். நூல் சுற்றும் பொபின் பெட்டிமேல் இருந்து ஐந்து பேருக்கும் முன்னால் அழுதாள். "நாளைக்குப் பிழைச்சால் நான் பிள்ளையை விட்டிட்டுத் திரும்பக் கட்டுநாயக்காவுக்குப் போகவேணும். உங்களுக்கு நான் என்ன செய்தனான்?"

 மனோகரி முந்தானையால் கையைத் துடைத்துத் துடைத்து நின்றாள்.

மறுநாள் மத்தியானம் சோதனைக்கு மெசின் ஓடத் தொடங்கியதும் மனோகரி முதல் ஆளாக இறங்கினாள். ஒரு கணம் நின்றாள். பிறகு அம்புக்குறி காட்டிய பக்கமாக நடந்தாள். மற்ற நான்கு பேரும் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கள் மெசினில் அப்படியே நடந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் பதினெட்டுச் சுற்று. மரியநாயகி கைதட்டாத குறை! யாக்கோப்பு நூல்களைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, பாஸ்" என்று கையைக் கொடுத்தார்.

சந்தோசத்தில் ஓடிப்போய்க் குழுவிலேயே இளையவளான நிலக்சனாவைக் கட்டிப்பிடித்தால், அவள் விம்முகிறாள்.

"என்னடி, பாஸ் பண்ணியாச்சு. ஏன் அழுறாய்?"

"அக்கா, கோயிலிலை நாங்கள் வலப்பக்கமாத்தான் சுத்துவம். இடப்பக்கமாச் சுத்திறது செத்தவீட்டிலை, பிரேதத்தைத்தான்."

மரியநாயகி நிலத்தில் கிடந்த மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்தாள். பிறந்தது முதல் எத்தனை கோயிலைக் கடந்து போயிருக்கிறாள்! எல்லோரும் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தாளா?

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"தொழில் செய்யிற இடத்திலை செத்தவீட்டுக் கதை எடுக்கக்கூடாதெண்டு மனோகரி அக்கா விடேல்லை. அவவின்ரை மனுசன் இளையதம்பி அண்ணைக்கு நெஞ்சு வருத்தமெல்லே. யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியிலை இண்டைக்கு ரெண்டு மணிக்குத்தான் ஒப்பறேசன். தன்ரை தம்பியை அவரோடை அங்கை விட்டிட்டு, உங்கடை சோதனைக்கெண்டு அவ இஞ்சை வந்தவ."

பதினெட்டுச் சுற்று. மரியநாயகி மனோகரியைத் தேடி ஓடினாள்.

மனோகரி சாப்பாட்டறையில் தனியே இருந்தாள். பொட்டலம் பிரிக்கப்படவில்லை. தொலைபேசி மடியில் கிடந்தது. மணி ஒன்று ஐம்பது.

"ஏன் அக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

மனோகரி நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க முயன்றாள். "சொன்னா நீர் என்னை நடக்க விட்டிருக்க மாட்டீர், பிள்ளை."

விட்டிருக்க மாட்டாளா? எல்லாம் தெரிந்தபிறகும், இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மணித்தியாலம்தானே அக்கா, என்ரை பிள்ளைக்காக" என்று கெஞ்சியிருப்பாளோ? மரியநாயகி தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை.

"விட்டிருக்க மாட்டன் அக்கா" என்றாள்.

மனோகரி அதை நம்பினாள்.