ஹாட்ஜின் மகன் யார்?

ரோஜர் என்று ஞானஸ்நானம் பெற்றவரை ஸ்கார்பி ஊரே ஹாட்ஜ் என்றுதான் கூப்பிட்டது. யார்க்‌ஷயரில் ரோஜர்கள் எல்லாருமே ஹாட்ஜ்கள்தாம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஹாட்ஜ், பன்றியைத் துரத்திப் போய்ப் பண்ணையாரின் மீன்குளத்தில் விழுந்து, அதே பன்றியின் வாலைப் பிடித்துக் கரையேறிய புண்ணியவான். அவர் மகன் தர்ஸ்டனை ஊர் ஹாட்ஜ்சன் என்றது. ஹாட்ஜின் மகன், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் தர்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை. பண்ணை மாளிகையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வேலை கிடைத்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இனி நான் மாளிகைத் தர்ஸ்டன் என்றான். ஊர் சிரித்தது. நேராகப் பண்ணைக் கச்சேரிக்குப் போய், ஹாட்ஜ்சன் என்று சொல்லி என்னை அவமானப்படுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டான். அங்கே தீர்ப்புச் சொல்லும் பண்ணைக் காரியஸ்தருக்கு இரவுச் சாப்பாட்டில் நல்ல வெளிச்சம் வேண்டும். தர்ஸ்டனை ஹாட்ஜின் மகன் என்பவன் யாராக இருந்தாலும் நண்பகலிலிருந்து பொழுது சாயும்வரை தொழுமரத்தின் துளைகளில் கால் மாட்டி உட்கார வேண்டும் என்று தோல்சுருளில் எழுத வைத்தார்.

முதலில் மாட்டிக்கொண்டது ஹாட்ஜ்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சுடச்சுட ஓட்ஸ் ரொட்டியோடு மாளிகை அடுக்களை வாசலில் நின்று, "எம் மவன் தர்ஸ்டனுக்குக் குடுத்துடுங்கம்மா" என்றார். அது போதாதா? பனியில் அரை நாள் உட்கார்ந்தார் கிழவர். மகன் மெழுகுவர்த்திக் கட்டோடு அந்த வழியாகத்தான் போனான், கழுத்தைத் திருப்பவில்லை. பாவி.

ஈஸ்டருக்கு முன்னால் ஹாட்ஜ் இறந்துபோனார். வீடும் முப்பது ஏக்கரும் இருந்தன. பண்ணை வழக்கப்படி, வாரிசு இன்னார் என்று ஊர்ச் சாட்சிகள் பன்னிரண்டு பேர் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் நிலம் பண்ணைக்கு. தர்ஸ்டன் புதுச் சட்டையில் முன்வரிசையில் நின்றான். மாளிகை வேலை இந்த வருஷக் கடைசியோடு சரி, அந்த நிலத்தை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

"ஹாட்ஜுக்கு வாரிசு யாரு?" என்றார் காரியஸ்தர்.

பன்னிரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"வாரிசு யாரு?"

மாவு ஆலைக்காரன் வாரின் தொண்டையைச் செருமினான். "சொல்லலாந்தான் சாமி. சொன்னா தொழுமரம். நீங்க போட்ட உத்தரவாச்சே."

காரியஸ்தர் சுருளைப் பார்த்தார். அவர் எழுதச் சொன்னதுதான். நிலம் பண்ணைக்கு வந்தால் அவருக்கென்ன கசக்கவா போகிறது?

"யோவ் வாரின், என்னைத் தெரியாதாய்யா உனக்கு?" தர்ஸ்டனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"தெரியாம என்ன, மாளிகைத் தர்ஸ்டன். ஒங்க அப்பாரு யாருங்க? அந்த மாளிகையா?"

கச்சேரியே குலுங்கியது. காரியஸ்தர் மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தார்.

"நான்தான்." குரல் எழும்பவில்லை. "நான்... ஹாட்ஜோட மவன்."

"என்ன தம்பி, காதுல விழல" என்றாள் பின்வரிசையிலிருந்து பீர் காய்ச்சும் ஐபட்.

"ஹாட்ஜோட மவன். ஹாட்ஜ்சன். போதுமா?"

இப்போது பன்னிரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின, தலையாட்டலுக்குத் தண்டனை எழுதியிருக்கவில்லையே. எழுத்தர் தர்ஸ்டன் ஹாட்ஜ்சன் என்று நிதானமாக எழுதினார். காரியஸ்தர் ஒரு கையால் நிலத்துக்கு அடையாளமான கோலைக் கொடுத்தார், மறு கையால் வாசலில் இருந்த தொழுமரத்தைக் காட்டினார். அவன் பேரைச் சொன்னவன் அவனே என்றாலும் உத்தரவு உத்தரவுதான்.

கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றார்கள்.

"யாரு மவன்யா நீ?"

"ஹாட்ஜ் மவன்."

"எந்த ஹாட்ஜ்? பன்னி வாலப் புடிச்சாரே, அவரா?"

"அவருதான்."

இடது துளையில் ஒரு கந்தல் திணித்திருந்தது. மரம் கணுக்காலை அறுக்காமலிருக்க யாரோ வைத்தது. இழுத்துப் பார்த்தான். ஹாட்ஜின் சாம்பல்நிறத் தலைத்துணி, ஓரத்தில் ரொட்டி மாவு காய்ந்துபோயிருந்தது. அதை மறுபடி அதே இடத்தில் திணித்துக் காலை வைத்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரம் தெருவில் ஆளே இல்லை. கேட்பாரில்லாமலே இன்னொரு தடவை சொன்னான்.